பெட்ரோல் பீச்சும் எஞ்சினுக்குக் கார்புரேட்டர் பொருத்தலாமா?

சென்ற மாதம் ஆண்டுத் தணிக்கைக்காக ஒரு விவசாயிகள் சங்கத்துக்கு நாம் சென்றிருந்தோம். மாலையில் கணக்குப் புத்தகங்களை மூடியபின், முதிய அங்கத்தினர் ஒருவர் தம் செல்பேசியை நம்முன் நீட்டினார். அதில் பின்புறம் திறந்த சிறு லாரி ஒன்றின் படம் இருந்தது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் வேலையிலிருக்கும் அவருடைய மகன், 1989-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட செவர்லே வண்டியொன்றை ஆசையோடு வாங்கியிருக்கிறாராம். ஆனால் வண்டி கரும்புகை கக்குகிறது. பெட்ரோலை அளவின்றிக் குடிக்கிறது. சூடேறியபின் நிறுத்தினால் மீண்டும் எளிதில் கிளம்புவதில்லை. அவ்வூர்ப் பட்டறைக்காரர் ஒருவர், கம்ப்யூட்டரையும் கம்பிகளையும் கழற்றி எறிந்துவிட்டுக் கார்புரேட்டர் வைத்தால் தொல்லை தீரும் என்று சொல்லி, ஒரு பெருந்தொகையும் கேட்டிருக்கிறார்.

“கார்புரேட்டர் நல்லதுதானே, சார்? நம்ம பம்ப்செட்டில் அடைத்துக்கொண்டால் நானே கழற்றி, ஊதிச் சுத்தம் பண்ணிப் போட்டுவிடுவேன். கம்ப்யூட்டரை யார் ஊதுவது?” என்றார் பெரியவர்.

கேள்வி நியாயமானதே. தன் கையால் பழுது பார்க்கக்கூடிய கருவியை விவசாயி விரும்புவதில் தவறில்லை. எனினும் இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்தோம். அவருக்கு நாம் பின்னர் கூறியவற்றை மற்ற அங்கத்தினர்களும் அறிந்துகொள்வது நலம் என்று கருதி இங்கே விரித்து எழுதுகிறோம்.

கார்புரேட்டர் செய்யும் வேலை

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எஞ்சினுக்கு உதவாது. அது நுண்ணிய திவலைகளாகிக் காற்றோடு கலந்தால்தான் சிலிண்டருக்குள் சீராக எரியும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகையும் வீண்செலவும் உண்டாகும். குறைந்தால் இழுவை போய் எஞ்சின் திணறும்.

முடிதிருத்தும் நிலையங்களில் தண்ணீர் தெளிக்கும் குப்பியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பழைய வகைக் குப்பியில் ரப்பர் பந்தை அமுக்கினால், குழாயின் வாயருகே காற்று விரைந்தோடும். விரைந்தோடும் காற்றில் அழுத்தம் குறைவதால், குப்பியிலுள்ள நீர் மேலேறித் திவலையாகத் தெறிக்கும். கார்புரேட்டரின் அடிப்படையும் இதுவே. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. அக்காற்று நடுவில் குறுகிய ஒரு குழாயின் வழியே செல்கிறது. குறுகிய இடத்தில் அழுத்தம் குறையவே, பக்கத்துக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் சிறு துளையின் வழியே இழுக்கப்பட்டுக் காற்றில் கலக்கிறது. அத்துளையுள்ள பித்தளைத் திருகையே ஜெட் என்கிறோம்.

கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். அதற்காக ஒரு மிதவை உண்டு. வீட்டு மாடித் தொட்டியில் நீர் நிறைந்ததும் பந்து மேலெழுந்து குழாயை அடைப்பது போலவே, இம்மிதவை ஓர் ஊசியை உயர்த்திப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கிறது. இந்த ஊசியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னால் இதைப்பற்றிப் பேச நேரும்.

பீச்சும் முறை செய்யும் வேலை

செவர்லே சிறு லாரிகளில் 1987-ஆம் ஆண்டு வரிசையிலிருந்து 1995 வரை, கார்புரேட்டர் இருந்த அதே இடத்தில் வேறொரு சாதனம் அமர்ந்தது. பார்வைக்கு அதுவும் கார்புரேட்டர் போலவே இருக்கும். ஆனால் அதில் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சினில், காற்று நுழையும் வாய்க்கு மேலே இரண்டு பீச்சுகுழல்கள் உண்டு. அவை மின்சாரத்தால் திறந்து மூடுபவை. எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றனவோ அவ்வளவு பெட்ரோல் விழும். அந்த நேரத்தைக் கணக்கிட்டுக் கட்டளையிடுவது ஓட்டுநர் அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்.

கணக்கிடுவதற்கு அதற்குச் செய்தி வேண்டும். எஞ்சினைச் சுற்றியோடும் நீரின் சூட்டை ஓர் உணர்கருவி தெரிவிக்கிறது. உறிஞ்சுகுழாயிலுள்ள அழுத்தத்தை மற்றொன்று தெரிவிக்கிறது. ஓட்டுநர் மிதியை எவ்வளவு அழுத்தியுள்ளார் என்பதை ஒன்றும், புகைக்குழாயில் எஞ்சிய பிராணவாயுவின் அளவை ஒன்றும் தெரிவிக்கின்றன. இவற்றைக்கொண்டு கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் வருகிறது.

இதனால் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. கடல்மட்டத்தை அடுத்த ஹூஸ்டன் நகரில் ஜெட் பொருத்திச் சரிசெய்த கார்புரேட்டர், ஏறத்தாழ 5,280 அடி உயரத்திலுள்ள டென்வர் நகருக்குச் சென்றால் பெட்ரோலை மிகுதியாக ஊற்றும்; ஏனெனில் அங்கே காற்று லேசானது. பீச்சும் முறையோ தானே அறிந்து குறைத்துக்கொள்ளும். மேடுபள்ளமான வயலில் வண்டி சாயும்போது கிண்ணத்தில் பெட்ரோல் தளும்பி எஞ்சின் திணறுவதும் இம்முறையில் இல்லை.

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல்

ஒரு சங்கத்தின் காரியதரிசி மாறும்போது என்ன செய்கிறோம்? ரொக்கம் எவ்வளவு, இருப்புச் சரக்கு எவ்வளவு, சாவிகள் எத்தனை, பதிவேடுகள் எவை என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, புதியவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குகிறோம். பழையவர் ரொக்கத்தை மட்டுமே கவனித்துவந்தார் என்று எண்ணி மற்றவற்றை விட்டுவிட்டால், ஆறு மாதத்தில் கிடங்கில் சரக்கு குறையும். யார் பொறுப்பு என்று அறிய வழி இராது.

இந்த லாரியின் கம்ப்யூட்டரும் பெட்ரோலை மட்டும் கவனிக்கவில்லை. அது நான்கு பொறுப்புக்களை வகிக்கிறது. பெட்ரோலை அளப்பது ஒன்று. தீப்பொறி எப்போது விழவேண்டும் என்று தீர்மானிப்பது இரண்டு. பெட்ரோல் பம்ப்பை ஓட்டுவதும் நிறுத்துவதும் மூன்று. தானியங்கிக் கியர் பெட்டிக்குக் கட்டளையிடுவது நான்கு. கார்புரேட்டரோ முதற் பொறுப்பை மட்டுமே ஏற்கவல்லது. மற்ற மூன்றையும் யாரிடம் ஒப்படைப்பது? மாற்றத்தில் இறங்குவோர் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இது எளிதில் விளங்கும். மின்னணு ஜக்கார்டை இறக்கிவிட்டு அட்டை ஜக்கார்டை ஏற்றினால், பெட்டியை மாற்றியதோடு வேலை முடிந்துவிடுமா? டிசைனுக்கு அட்டை குத்தவேண்டும். அவற்றைக் கோத்துக் கட்டவேண்டும். டிசைன் மாறும்தோறும் மீண்டும் குத்தவேண்டும். பழைய கருவி திரும்பி வந்தால், அதன் பழைய வேலைகளும் கூடவே திரும்பி வரும்.

பெட்ரோலின் அழுத்தம்

இனி ஒவ்வொன்றாகக் காண்போம். பீச்சும் முறையில் பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே மின்சாரப் பம்ப் இருக்கிறது. அது பீச்சுகுழலுக்குச் சதுர அங்குலத்துக்கு 9 முதல் 13 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்புகிறது. கார்புரேட்டரின் மிதவை ஊசி தாங்கக்கூடியதோ ஏறத்தாழ 5 அல்லது 6 பவுண்டே. அதற்குமேல் போனால் மிதவை எவ்வளவு மேலெழுந்தாலும் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் உள்ளே பாயும். கிண்ணம் நிரம்பி வழிந்து சூடான எஞ்சின்மேல் ஒழுகும். ஆகையால் குறைந்த அழுத்தமுள்ள பம்ப்பைப் பொருத்தவேண்டும். அல்லது அழுத்தத்தைக் குறைக்கும் கருவியொன்றை வழியில் வைத்து, மிஞ்சிய பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பும் குழாயை அப்படியே காக்கவேண்டும்.

பம்ப்பைப் பற்றி மற்றொரு செய்தி உண்டு. அங்கத்தினர்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். சாவியைத் திருப்பியதும் கம்ப்யூட்டர் பம்ப்பை இரண்டு நொடி மட்டுமே ஓட்டும். எஞ்சின் சுழல்கிறது என்ற செய்தி வந்தால்தான் தொடர்ந்து ஓட்டும். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும். கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு, பம்ப்பின் கம்பியை நேரே சாவியோடு இணைத்துவிடுவோர் உண்டு. வண்டி ஓடும்; குறையொன்றும் தெரியாது. ஆனால் ஒருநாள் வண்டி மோதி, எஞ்சின் நின்று, பெட்ரோல் குழாய் அறுந்ததென்று வைத்துக்கொள்வோம். சாவி திருப்பியபடியே இருக்கும். பம்ப்பும் அறுந்த குழாயின் வழியே பெட்ரோலைக் கொட்டிக்கொண்டேயிருக்கும். ஒரு பொறி போதும். ஆகவே எஞ்சின் எண்ணெயின் அழுத்தம் இருக்கும்வரை மட்டும் மின்சாரத்தை விடும் சுவிட்ச் ஒன்றைப் பம்ப்பின் வழியில் தவறாது வைக்கவேண்டும். விலையில் சிறியது, விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

தீப்பொறியும் கியர் பெட்டியும்

எஞ்சின் வேகம் கூடக்கூடத் தீப்பொறி முன்னதாகவே விழவேண்டும். ஏனெனில் கலவை எரிந்து முடிய நேரம் பிடிக்கிறது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் சுழலும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும். காற்றின் உறிஞ்சலால் அசையும் சவ்வொன்று சுமைக்கேற்பத் திருத்தும். 1989-ஆம் ஆண்டு வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரில் எடைகளும் இல்லை, சவ்வும் இல்லை. அவ்வேலை முழுவதும் கம்ப்யூட்டருடையது. கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு அதே டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக்கொண்டால், எஞ்சின் ஓடலாம். ஆயினும் பொறி வேகத்துக்கேற்ப வேண்டிய அளவு முன்செல்லாது. இழுவை குறையும், சூடு ஏறும். ஆகவே எடையும் சவ்வும் உள்ள பழைய வகை டிஸ்ட்ரிபியூட்டரையும் வாங்கவேண்டும்.

கியர் பெட்டியில்தான் பெருஞ்செலவு ஒளிந்திருக்கிறது. கையால் கியர் மாற்றும் வண்டியாயின் கவலையில்லை. நம் அங்கத்தினரின் மகன் வாங்கியதோ 700ஆர்4 என்னும் தானியங்கிக் கியர் பெட்டியுள்ளது. இதில் த்ராட்டிலிலிருந்து ஒரு கம்பி கியர் பெட்டிக்குச் செல்கிறது. மிதியை எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கேற்ப அக்கம்பி இழுபட்டு, கியர் பெட்டிக்குள் எண்ணெயின் அழுத்தத்தை உயர்த்தும். கார்புரேட்டரின் நெம்புகோல் வேறு அளவினது. அதில் இக்கம்பியை ஏதோ ஒரு துளையில் மாட்டிவிட்டால் இழுப்பு தவறும். அழுத்தம் போதாமல் உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகும். நன்றாயிருந்த கியர் பெட்டி சில நாட்களிலேயே பாழாகிவிடும். இதற்கென்றே விற்கப்படும் திருத்து நெம்புகோலைப் பொருத்தி, அழுத்தமானியால் சோதித்த பிறகே வண்டியைச் சாலையில் விடவேண்டும்.

மேலும், நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும்போது எஞ்சினையும் கியர் பெட்டியையும் வழுக்கலின்றிப் பூட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்குக் கட்டளையிடுவதும் கம்ப்யூட்டரே. அதை வேறு சுவிட்சுகளால் இயங்கச் செய்யாவிட்டால் கியர் பெட்டி சூடேறும், பெட்ரோலும் வீணாகும். 1993 முதல் இவ்வகைச் சிறு லாரிகளுக்கு வந்த 4எல்60-இ என்னும் பெட்டியோ முழுவதும் மின்சாரக் கட்டளையால் இயங்குவது. கம்ப்யூட்டரை எடுத்தால் அதற்கென்று தனியே வேறொரு கட்டுப்பாட்டுக் கருவி வாங்கவேண்டும். கம்ப்யூட்டர் வேண்டாமென்று தொடங்கிய வேலை, கம்ப்யூட்டர் வாங்குவதில் போய் முடியும்.

இவையன்றி, கார்புரேட்டர் அமரும் குழாய்த் தொகுதியிலும் கவனம் வேண்டும். 1987 முதல் 1995 வரையிலான இந்த எஞ்சின்களில் அத்தொகுதியின் நடுப்போல்ட்டுகள் முந்தைய எஞ்சின்களைவிட வேறு சாய்வில் இறங்குகின்றன. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்த முந்தைய தொகுதி அப்படியே பொருந்தாது. இருக்கும் தொகுதியின்மேல் இணைப்புத் தகடொன்றை வைத்துக் கார்புரேட்டரை அமர்த்துவதும் ஒரு வழி.

சட்டம் கூறுவது

அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் அதன் திருத்தங்களும், புகை மாசைக் கட்டுப்படுத்த உற்பத்தியாளர் வைத்த சாதனங்களைக் கழற்றுவதைத் தடுக்கின்றன. கலிபோர்னியாவில் 1976 முதலான பெட்ரோல் வண்டிகள் புகைச் சோதனைக்கு உட்பட்டவை. 1975-க்கும் அதற்கு முன்னும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம் நாட்டிலும் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி பதிவு பெற்ற வண்டியை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாள் நடப்புக்கு வந்த புகை விதிகளுக்குப் பின் இங்கே விற்பனையான மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை பீச்சும் முறையுடையவை. அவற்றுக்கும் இதே யோசனையை யாரேனும் கூறக்கூடும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

முதலில் செய்யவேண்டியது

நோய் இன்னதென்று அறியாமல் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கலாமா? இந்த லாரியின் கம்ப்யூட்டர் தன் குறையைத் தானே சொல்லவல்லது. ஓட்டுநர் பக்கம், முகப்புப் பலகையின் கீழே பன்னிரண்டு துளைகளுக்கு இடமுள்ள ஓர் இணைப்பு இருக்கிறது. அதன் மேல்வரிசையில் வலக்கோடியிலுள்ள இரண்டு துளைகளைக் காகிதம் செருகும் கம்பியொன்றால் இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால், முகப்பிலுள்ள எச்சரிக்கை விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் அது 12 என்னும் எண். ஒவ்வோர் எண்ணும் மும்முறை வரும். 12 என்பது சோதனை ஏற்பாடு சரியாக இயங்குகிறது என்பதற்கு அடையாளம். அதன்பின் வரும் எண்களே குறைகளைக் குறிப்பவை. 13 என்றால் பிராணவாயு உணர்கருவி. 14-உம் 15-உம் நீர்ச்சூட்டு உணர்கருவி. 33-உம் 34-உம் அழுத்த உணர்கருவி. 42 என்றால் தீப்பொறிக் கட்டளை வழி. எண் வந்தவுடன் அக்கருவியை மாற்றிவிடக் கூடாது. அதன் கம்பியையும் இணைப்பையும் முதலில் பார்க்கவேண்டும்.

இதைப் பெரியவரிடம் எடுத்துரைத்தோம். அவர் மகனுக்குத் தெரிவித்தார். மகன் அவ்வாறே செய்து பார்த்ததில், விளக்கு 12-ஐ மும்முறை சிமிட்டியபின் 15-ஐச் சிமிட்டியது. நீர் கடுங்குளிராக இருப்பதாகச் செய்தி வருகிறது என்பது இதன் பொருள். எஞ்சின் முன்புறத்தில் உணர்கருவியின் இணைப்பைக் கழற்றினால், அதன் முள் பச்சை பூத்துக் கிடந்தது. தொடர்பு விட்டு விட்டு அறுந்ததால், கொதிக்கும் எஞ்சினைக் குளிர்ந்ததென்று கம்ப்யூட்டர் எண்ணி, மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றியிருக்கிறது. சோக்கை இழுத்தபடியே நாள் முழுவதும் ஓட்டியதற்கு ஒப்பானது இது. உணர்கருவியும் இணைப்பும் புதிதாயின, புகை நின்றது.

கார்புரேட்டர் வைத்திருந்தாலும் அந்தப் புகை நின்றிருக்கும் என்பதை மறுக்கமுடியாது. கெட்டுப்போன உணர்கருவிக்கு அப்போது வேலையே இராது. பட்டறைக்காரரின் யோசனை பலித்தது என்று எல்லோரும் நம்பியிருப்பர். பச்சை பூத்த ஒரு முள்ளுக்காக அத்தனை செலவு நேர்ந்தது என்பது எவருக்கும் தெரிந்திராது. அதன் பிறகு கியர் பெட்டி கருகினால், அதற்கு வேறு காரணம் தேடியிருப்பர்.

எனவே கார்புரேட்டர் கூடாது என்பது நம் முடிவன்று. கம்ப்யூட்டரும் கம்பிகளும் மீட்கமுடியாதபடி கெட்டு, மாற்று உறுப்புக்கள் கிடைக்காமல், கையால் கியர் மாற்றும் பழைய வண்டியாகவும் இருந்து, அவ்விடத்துச் சட்டமும் இடந்தருமானால், கார்புரேட்டர் எளிய வழியே. கழற்றி ஊதிச் சரிசெய்யவும் கூடும். ஆனால் அதற்கு முன் நான்கு பொறுப்புக்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை இனி ஏற்கும் உறுப்பின் பெயரையும் விலையையும் எழுதிக் கூட்டிப் பார்க்கவேண்டும். பட்டறைக்காரர் சொன்ன தொகை அந்தக் கூட்டுத்தொகையோடு ஒத்திருக்கிறதா என்று கேட்கவேண்டும். ஒரு பொறுப்புக்கு எதிரே இடம் காலியாக இருந்தாலும், வண்டியில் கை வைக்காதிருப்பதே நலம்.

பெரியவரிடம் இதைச் சொல்லி முடித்தபோது அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, “அப்படியானால் கம்ப்யூட்டரையும் ஊதத்தான் வேண்டியிருந்தது, சார். எங்கே ஊதுவதென்றுதான் நமக்குத் தெரியவில்லை” என்றார்.